சட்டையைத் தூக்கிப் பாருங்கள்

பிரசவத்துக்காகக் கும்பகோணம் வந்த நான், பாப்பாவுக்கு மூன்று மாதம் முடிந்தும் அம்மா வீட்டில்தான் இருந்தேன். ஐப்பசி அடைமழை. மழை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த இரண்டாம் நாளே எல்.கே.ஜி. படிக்கும் அண்ணன் மகன் மூக்கு ஒழுக வீட்டுக்கு வந்தான். வந்ததும் பையைத் திண்ணையில் போட்டுவிட்டு ஓடிவந்து பாப்பா கன்னத்தில் ஒரு முத்தம். தினமும் நடப்பதுதான். அவனுக்கு மூன்று நாளில் சரியாகிவிட்டது. எனக்கு லேசாகத் தொண்டை கரகரத்ததோடு சரி. பாப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை தும்மல் தொடங்கியது.

சாதாரணச் சளி மூச்சுத்திணறலாக மாறிய அந்த நாட்களை எழுதிவைக்க வேண்டும் என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இதோ, மறுபடி மழைக்காலம். கைக்குழந்தை வைத்திருக்கிற யாராவது ஒருவர் இதைப் படித்துவிட்டு இன்றைக்கு ராத்திரி தன் பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தால் போதும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் இரண்டு நாள் வெறும் சளிதான். தெளிவாகத் தண்ணீர் போல மூக்கில் வழிந்தது. "பச்சப்புள்ளைக்குச் சளி பிடிக்காம இருக்குமா, நாலு நாள்ல போயிடும்" என்றாள் அம்மா. பெரும்பாலான குழந்தைகளுக்கு அவள் சொன்னது சரி. செவ்வாய்க்கிழமை இருமல் வந்தது. இருமி இருமிக் குடித்த பாலை எல்லாம் கக்கினாள். முதுகில் கை வைத்தால் பூனையை மடியில் வைத்திருப்பது போல உள்ளே கறகறவென்று அதிர்ந்தது. சாயங்காலம் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "வீசிங்" என்றார்கள். நெபுலைசர் வைத்தார்கள். ஆன்டிபயாட்டிக் ஒன்று, வீசிங் சிரப் ஒன்று, ஸ்டீராய்டு சிரப் ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். கையில் மூன்று பாட்டிலோடு வெளியே வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைப் பற்றித்தான் பின்னால் நிறைய யோசித்தேன். குழந்தை எவ்வளவு பால் குடிக்கிறாள், எத்தனை முறை ஒன்றுக்குப் போனாள் என்று அங்கே யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது.

அன்றிரவு பத்து மணிக்கு மாற்றிய துணி விடிந்தும் நனையவில்லை. மார்பில் போட்டால் இரண்டு முறை சப்புவாள், மூச்சுக்கு வாயைத் திறப்பாள், அழுவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மழையில் ஆட்டோ பிடித்து வேறொரு குழந்தை மருத்துவமனைக்குப் போனோம்.

அங்கே இருந்த டாக்டர் அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஸ்டெதஸ்கோப்பைக் கையில் எடுக்கவே இல்லை. "சட்டையைத் தூக்குங்கம்மா" என்றார். குளிருக்காகப் போட்டிருந்த இரண்டு சட்டை, ஸ்வெட்டர் எல்லாவற்றையும் கழற்றினேன். "இப்ப நீங்க பாருங்க. நான் பாக்குறது இருக்கட்டும், நீங்க பாருங்க."

பார்த்தேன். ஒவ்வொரு மூச்சை இழுக்கும்போதும் விலா எலும்புக்குக் கீழே தோல் குழி விழுந்தது. விலாவுக்கும் விலாவுக்கும் நடுவிலும் உள்ளே போனது. கழுத்து எலும்புக்கு மேலே இருக்கிற சின்னப் பள்ளம் ஆழமாகி ஆழமாகி மேலே வந்தது. மூக்கு மடல் விரிந்து விரிந்து சுருங்கியது. இரண்டு நாளாக என் கையிலேயே இருந்த குழந்தை. ஸ்வெட்டருக்குள் இது நடந்துகொண்டிருந்தது. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணினார். 66. ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும், சிவப்பு விளக்கு எரியும் கிளிப்பைப் பாதத்தில் மாட்டினார்கள். 88 என்று காட்டியது.

"பிராங்கியோலைட்டிஸ்" என்றார். நுரையீரலின் மிகச் சின்னக் குழாய்கள் வீங்கி அடைத்துக்கொள்ளும் நோய். அப்புறம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இதுக்கு மருந்து இல்லம்மா. ஆனா வைத்தியம் இருக்கு. நாலஞ்சு நாள் நம்ம கூட இருக்கட்டும்."

மருந்து இல்லை என்று ஒரு டாக்டரே சொன்னதைக் கேட்டு என் அம்மா கலங்கிப்போனாள். சென்னையிலிருந்து போனில் இருந்த என் கணவர் "வேற ஆஸ்பத்திரி பாக்கலாமா?" என்றார். நல்லவேளையாக, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப எனக்குத் தெம்பு இல்லை.

நுரையீரலுக்குள் மூச்சுக்குழல் மரக்கிளை மாதிரி பிரிந்து பிரிந்து கடைசியில் மிகச் சின்னச் சின்னக் குழாய்களாக முடிகிறது. வைரஸ் அந்தக் கடைசிக் குழாய்களின் உட்சுவரைத் தாக்குகிறது. சுவர் வீங்குகிறது, சளி சுரக்கிறது, செத்த செல்கள் உதிர்ந்து அந்தச் சளியோடு சேர்ந்து அடைக்கின்றன. இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சும்போது வழுக்கை வந்து அடைத்துக்கொண்டால் கன்னம் குழிய இழுப்போமே, அதைத்தான் குழந்தையின் விலா செய்துகொண்டிருந்தது. ஒரு குழாயின் உள்விட்டம் பாதியானால் காற்று போவதற்கான தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, 16 மடங்கு ஆகிறது. பெரியவர்களுக்குத் தொண்டைக் கரகரப்போடு போகிற அதே வைரஸ், மூன்று மாதக் குழந்தையின் குழாயில் ஒரு மெல்லிய வீக்கத்தை உண்டாக்கினாலே மூச்சு முட்டிவிடுகிறது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத்தான் இது வரும். அதிலும் இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் அதிகம்.

நெபுலைசர் ஏன் வேலை செய்யவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. ஆஸ்துமாவில் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. நெபுலைசரில் வைக்கும் சால்பியூட்டமால் என்ற மருந்து அந்தத் தசையைத் தளர்த்தும். இங்கே சிக்கல் தசையில் இல்லை, குழாய்க்குள் அடைத்திருக்கும் சளியிலும் சுவரின் வீக்கத்திலும் இருக்கிறது. சரி, வீக்கத்துக்கு ஸ்டீராய்டு கொடுக்கலாமே என்று எனக்கும் தோன்றியது. 2007இல் அமெரிக்காவில் 600 குழந்தைகளை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் திரவம். இரு பக்கமும் ஏறக்குறைய 40 சதவீதம் குழந்தைகளை வார்டில் சேர்க்க வேண்டியிருந்தது. வித்தியாசமே இல்லை. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பின் 2014 வழிகாட்டியும் பிரிட்டனின் 2015 வழிகாட்டியும் இவை எதையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்கின்றன. எக்ஸ்ரேகூட எல்லாருக்கும் தேவையில்லை. எந்த வைரஸ் என்ற சோதனையும் எங்களுக்கு எடுக்கவில்லை. "எதுன்னு தெரிஞ்சாலும் செய்யப்போறது இதேதான்" என்றார் டாக்டர்.

அப்படியானால் வைத்தியம் என்று எதைச் சொன்னார்? மூன்று காரியம். காற்று, பால், மூக்கு.

மூக்கை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதைத்தான் நான் ஒன்றுமில்லாத விஷயம் என்று நினைத்திருந்தேன். இந்த வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் மூச்சு விடுகிறார்கள். மூக்கு அடைத்தால் பால் குடித்துக்கொண்டே மூச்சு விட முடியாது. சிஸ்டர் ஒருவர் வந்து உப்புநீர்ச் சொட்டு மருந்தை ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு சொட்டு விட்டார். ஒரு நிமிடம் பொறுத்து மெல்லிய குழாயை மூக்கின் வாசலில் வைத்து உறிஞ்சினார். கெட்டியாக வெள்ளை வெள்ளையாக வந்தது. பாப்பா வீரிட்டு அழுதாள். அழுது முடித்ததும் கிளிப்பில் 88 என்பது 90 ஆனது. ஆழமாகக் குழாய் விட்டு உறிஞ்சினால் உள்ளே வீங்கிவிடும், வாசலோடு நிறுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்.

அப்புறம் பால். நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்குகிற குழந்தைக்கு வாய் வழியாகக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடலாம். அதனால் மூக்கு வழியாக இரைப்பைக்கு ஒரு மெல்லிய குழாய் போட்டார்கள். மூக்கிலிருந்து காது, காதிலிருந்து வயிறு என்று வெளியே வைத்து அளந்து, பேனாவால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு வரைக்கும் உள்ளே விட்டுக் கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நான் பால் பீய்ச்சிக் கொடுப்பேன். சிரிஞ்சில் அழுத்துகிற தண்டைக் கழற்றிவிட்டு, வெறும் உருளையைக் குழாயில் செருகிப் பாலை ஊற்றுவார்கள். அழுத்தக் கூடாது. ஒரு சாண் உயரத்தில் பிடித்துக்கொண்டால் பால் தானாக இறங்கும். முதல் தடவை சிஸ்டர் பிடித்தார், அதற்கப்புறம் என் அம்மாதான். 40 மில்லி. நடுவில் ஒரு குமிழி வந்து நிற்கும், கையைக் கொஞ்சம் உயர்த்தினால் மறுபடி இறங்கும். தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தையின் மூக்கில் போன பால் அவள் வயிற்றை நிரப்புவதை நானும் அம்மாவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்போம். "மருந்தே கொடுக்கலியே" என்று புலம்பிக்கொண்டிருந்த அம்மா, மூன்றாவது தடவை உருளையைப் பிடித்ததற்கப்புறம் அதைச் சொல்லவில்லை.

காற்று என்பது முதலில் மூக்கில் மாட்டிய சாதாரண ஆக்சிஜன் குழாய்தான். புதன்கிழமை ராத்திரி அது போதவில்லை. மூச்சு 70க்குப் போனது, ஒவ்வொரு மூச்சுக்கும் தலை லேசாக ஆடியது, அழக்கூட முடியாமல் முனகினாள். டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்: சளி தொடங்கியதிலிருந்து எண்ணினால் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை ஏறும், அதற்கப்புறம்தான் இறங்கும் என்று. ஹை ஃப்ளோ என்ற மெஷினில் போட்டார்கள். காற்றையும் ஆக்சிஜனையும் கலந்து, சூடாக்கி, ஈரப்படுத்தி, கிலோவுக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர் என்ற கணக்கில் வேகமாகச் செலுத்தும். பாப்பா ஐந்து கிலோ சொச்சம், ஆகவே 10 லிட்டர். அந்த வேகம் உள்ளே மூடிக்கொள்ளப் பார்க்கிற குழாய்களைத் திறந்து வைக்கிறது. 2018இல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1,472 குழந்தைகளிடம் செய்த ஆய்வில், சாதாரண ஆக்சிஜன் கொடுத்தவர்களில் 23 சதவீதம் பேருக்கு அடுத்த கட்டச் சிகிச்சை தேவைப்பட்டது. இந்த முறையில் தொடங்கியவர்களில் 12 சதவீதம் பேருக்கு. எல்லாக் குழந்தைக்கும் எடுத்தவுடனே இது வேண்டியதில்லை, சாதாரண ஆக்சிஜன் போதாதபோது கைகொடுக்கும் என்று டாக்டர் சொன்னார். விடியற்காலை மூன்று மணிக்கு எண்ணினேன். 54. இன்னொரு முறை எண்ணினேன். 54தான்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் நான் மானிட்டரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தேன். 93, 92, 91. எண் இறங்கினால் என் உயிர் இறங்கும். 89 வந்து அலாரம் அடித்தால் எழுந்து ஓடுவேன். இரவு டியூட்டியில் இருந்த சிஸ்டர் ஒருவர் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "பாப்பா மூஞ்சியப் பாருங்கக்கா, மிஷின் மூஞ்சியப் பாக்காதீங்க. கால ஆட்டுனா அது கொறைச்சலாத்தான் காட்டும்." பார்த்தேன். பாப்பா நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள், விலா அவ்வளவாகக் குழியவில்லை.

அவர் சொன்னதைப் பற்றிப் பின்னால் டொராண்டோவில் நடந்த ஓர் ஆய்வில் படித்தேன். 2014இல் வெளியானது. அவசரப் பிரிவுக்கு வந்த 213 குழந்தைகளில் பாதிப் பேருக்கு, உண்மையான அளவைவிட 3 புள்ளி கூட்டிக் காட்டும்படி கருவியை மாற்றி வைத்தார்கள். நிஜ அளவு காட்டிய குழந்தைகளில் 41 சதவீதம் பேர் மருத்துவமனையில் தங்க வைக்கப்பட்டார்கள். கூட்டிக் காட்டிய குழந்தைகளில் 25 சதவீதம் பேர்தான். குழந்தைகள் ஒன்றுபோலத்தான் இருந்தார்கள். திரையில் இருந்த எண் மட்டும் முடிவை மாற்றியிருக்கிறது. கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 88 என்று அது காட்டியதால்தான் என் மகளுக்கு ஆக்சிஜன் கிடைத்தது. ஆனால் பால் குடித்து, சிரித்து, விலா குழியாமல் இருக்கும் குழந்தைக்கு 91 என்று காட்டினால், அதைப் பார்த்து நடுங்கவேண்டியதில்லை என்று இப்போது தெரியும்.

சனிக்கிழமை ஆக்சிஜனை எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மார்பில் போட்டதும் முகத்தைத் திருப்பாமல் ஐந்து நிமிடம் குடித்தாள். திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தோம். இருமல் மட்டும் போகவில்லை. மூன்று வாரம் வரை இருக்கும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள், அதனால் பயப்படவில்லை.

வீட்டில் நாங்கள் மாற்றிக்கொண்ட சில பழக்கங்களைச் சொல்ல வேண்டும். குளிப்பாட்டியதும் சாம்பிராணி போடுவது எங்கள் வீட்டில் நான்கு தலைமுறைப் பழக்கம். அந்த மணம் எனக்கும் பிடிக்கும், என் பாட்டியின் மணம் அது. ஆனால் வீங்கிய குழாய்க்குள் எந்தப் புகை போனாலும் கெடுதல்தான், அது சிகரெட்டாக இருந்தாலும் கொசுவர்த்தியாக இருந்தாலும் சாம்பிராணியாக இருந்தாலும். அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்குத் தயக்கம். டாக்டர் பக்குவமாகச் சொன்னார்: "தலை காயணும், அதானே? நல்லாத் துவட்டுங்க போதும்." மூக்கில் எண்ணெய் விடுவதும் வாய் வைத்து ஊதுவதும் கூடாது, எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் அது தனி வியாதி. கற்பூரம் கலந்த தைலத்தை நெஞ்சில் தடவுவதும் இந்த வயதில் ஆபத்து, வலிப்பு வரக்கூடும். சளிக்குத் தேன் என்பார்கள், ஒரு வயது முடியும் வரை வேண்டாம்.

இருமல் சிரப்பைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சாதாரணச் சளி, இருமலுக்கு சிரப் குடித்த சின்னஞ்சிறு குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான சிரப் அது. டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் அதில் கலந்திருந்தது. அந்த அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவே வேண்டாம் என்று அறிவுறுத்தியது. விஷம் கலக்காத நல்ல சிரப்பானாலும் இந்த நோயில் அதனால் பயன் இல்லை. இல்லாத பயனுக்காக அந்தப் பிள்ளைகள் குடித்திருக்கிறார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று பாப்பாவைத் தூக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்த நோய்க்கு முக்கியக் காரணமான ஆர்.எஸ்.வி. என்ற வைரஸை முதலில் கண்டது குழந்தைகளிடம் இல்லை. 1956இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வுக்கூடத்துச் சிம்பன்சிகளுக்குச் சளி பிடித்தபோது கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே ராபர்ட் சானக் குழுவினர் பால்டிமோரில் நோயுற்ற குழந்தைகளிடம் அதே வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். 1960களில் ஒரு தடுப்பூசி செய்து குழந்தைகளுக்குப் போட்டார்கள். அது காப்பாற்றவில்லை. ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளுக்கு வைரஸ் தொற்றியபோது நோய் இன்னும் கடுமையாக வந்தது, இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். அந்த அடியில் பல பத்தாண்டுகள் இந்த வேலை முடங்கியது. வைரஸ் நம் செல்லில் ஒட்டுவதற்கு முன் அதன் மேலுள்ள புரதம் எப்படி மடிந்திருக்கிறது என்பதை 2013இல் ஜேசன் மெக்லெல்லன், பார்னி கிரஹாம் உள்ளிட்ட குழுவினர் கண்டுகொண்டபிறகுதான் கதவு திறந்தது. இப்போது இரண்டு வழிகள் வந்திருக்கின்றன. ஒன்று, கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாய்க்குப் போடும் தடுப்பூசி. தாயிடம் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி குழந்தைக்குப் போகும். 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்னொன்று, பிறந்த குழந்தைக்கே ஒரே ஊசியில் எதிர்ப்புச் சக்தியை நேரடியாகக் கொடுக்கும் நிர்செவிமாப் என்ற மருந்து. இது சுமார் ஐந்து மாதம் காக்கும். கர்ப்பமாக இருக்கும் என் தோழிகள் எல்லாரிடமும் இந்த இரண்டைப் பற்றியும் மகப்பேறு மருத்துவரிடம் கேட்கச் சொல்கிறேன். 2019இல் மட்டும் உலகில் ஐந்து வயதுக்கு உட்பட்ட சுமார் 1 லட்சம் குழந்தைகள் ஆர்.எஸ்.வி.யால் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் 97 சதவீதம் நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். ஒரு குழாய் ஆக்சிஜன் நேரத்தில் கிடைக்காத ஊர்கள் எத்தனை இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

யாராவது கேட்டால் நான் சொல்வது இவ்வளவுதான். குழந்தை அழாமல் இருக்கும்போது, முடிந்தால் தூங்கும்போது, சட்டையைக் கழற்றி ஒரு நிமிடம் முழுசாக மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழே 60, ஒரு வயது வரை 50, இதைத் தொட்டால் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், வழக்கமான பாலில் பாதிகூடக் குடிக்காவிட்டால், பன்னிரண்டு மணி நேரம் ஒன்றுக்குப் போகாவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூச்சு நின்று நின்று வந்தாலோ, உதடு நீலம் பூத்தாலோ, முனகினாலோ, எழுப்பினாலும் சரியாக எழாவிட்டாலோ 108. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இதயக் கோளாறு உள்ள குழந்தை, ஆறு வாரம்கூட ஆகாத குழந்தை என்றால் வெறும் சளிக்கே போய்க் காட்டிவிடுங்கள். மிகச் சின்னக் குழந்தைகளுக்கு இருமல்கூட வராமல் நேரே மூச்சு நிற்பதுதான் முதல் அறிகுறியாக இருக்கலாம். கறகறவென்ற சத்தம் எவ்வளவு பெரிதாகக் கேட்டாலும் பால் குடிக்கிறாளா, விலா குழிகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

போன வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு அண்ணி போன் செய்தாள். அவர்கள் இப்போது திருவாரூரில் இருக்கிறார்கள், இரண்டாவது குழந்தைக்கு ஐந்து மாதம். "புள்ளைக்கு ஒரே சளி, நெஞ்செல்லாம் கறகறங்குது, பயமா இருக்கு" என்றாள். சட்டையைக் கழற்றிவிட்டு நல்ல வெளிச்சத்தில் ஒரு நிமிட வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்தது. பாயில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போன வருடம் முத்தம் கொடுத்த பெரியவன் குப்புறப் படுத்திருந்தான். நான் எண்ணினேன். 42. விலா குழியவில்லை. பால் எப்படிக் குடிக்கிறான் என்று கேட்டேன், கொஞ்சம் குறைச்சல் ஆனால் குடிக்கிறான் என்றாள். ஒன்றுக்கு? இப்போதுதான் துணி மாற்றினாளாம். மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விட்டுத் துடைத்துவிட்டுப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடு, குடித்தானா என்று எழுதி வை, காலையில் டாக்டரிடம் காட்டு, நடுவில் குழி விழுந்தால் உடனே கிளம்பு என்றேன். "மருந்து ஒண்ணும் வேணாமா?" என்றாள். வேண்டாம் என்றேன். ஐந்தரை மணிக்கு அடுத்த வீடியோ வந்தது. எண்ணி முடிக்கும் வரை நான் எழுந்திருக்கவில்லை. 40.